ஆடி முடித்த ஆட்டம்

“ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்று நம் வீடுகளில் ஒரு பழமொழி வழங்குகிறது. பிறரைப் பற்றிப் பேசும்போது அதை நான் எத்தனையோ முறை எடுத்தாண்டிருக்கிறேன். என்னைப் பற்றி நானே அதைச் சொல்லிக்கொள்ள நேர்ந்தது என் அறுபதாவது வயதில்தான். நான் ஆடியது நாட்டியம் அன்று, சதுரங்கம். எனக்குக் கோணலாகத் தோன்றியதும் கூடம் அன்று. நண்பர் ஒருவர் டவராவில் காப்பி ஆற்றிய சத்தம்.

அந்தக் கதையைச் சொல்வதற்கு முன் ஒரு சிறு விளக்கம். சதுரங்கக் காய்களின் பெயர்களில் நம்மவருக்குள் இன்னும் ஒற்றுமை ஏற்படவில்லை. ராஜா, யானை, குதிரை, சிப்பாய் ஆகியவற்றில் அதிகத் தகராறு இல்லை. குறுக்கே ஓடும் காயைத்தான் ஒருவர் மந்திரி என்பார், ஒருவர் ஒட்டகம் என்பார். ராணியையே மந்திரி என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. நான் குறுக்கே ஓடுவதை மந்திரி என்று சொல்லிப் பழகியவன். வேறு வழக்கம் உள்ள நேயர்கள் இன்று ஒரு பொழுது எனக்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊரில் ஒரு நூல்நிலையத்தின் மாடியில் சிறியதொரு சதுரங்கக் கழகம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். அவர்களுள் ஓவிய ஆசிரியர் ஒருவர் எனக்கு மிகவும் நெருக்கமானவர். இருபது ஆண்டுகள் நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஆடியிருக்கிறோம். அவர் வீட்டுத் திருமணத்தில் பந்தி விசாரித்தவன் நான். என் தாயார் காலமானபோது காரியம் முடியும்வரை என்னுடன் இருந்தவர் அவர். இத்தகைய நட்பு, ஒரு சிப்பாய் ஒரு வீடு முன்னே சென்ற காரணத்தால் எட்டு ஆண்டுகள் அறுந்து கிடந்தது என்றால் நம்பமாட்டீர்கள்.

கழகத்தின் ஆண்டுப் பந்தயத்தில் கடைசிச் சுற்று. அதில் நான் வென்றால் முதற்பரிசு எனக்கு. சமனானால் மூன்றாம் மனிதர் ஒருவருக்கு. எனக்கு எதிரே உட்கார்ந்தவர் என் நண்பர். மூன்று மணி நேரம் ஆடினோம். இறுதியில் பலகையில் இரண்டு ராஜாக்களும், என்னுடைய ஒரே ஒரு சிப்பாயும் எஞ்சின. வீட்டில் பலகை வைத்திருப்பவர்கள் இந்த நிலையை அடுக்கிப் பார்க்கலாம். என் வெள்ளை ராஜா டி-4. என் சிப்பாய் இ-3. அவருடைய கறுப்பு ராஜா இ-7. நகர்த்த வேண்டியவன் நான்.

நான் சிப்பாயை ஒரு வீடு முன்னே தள்ளி, இ-4இல் வைத்தேன். அவர் ராஜாவை டி-6க்குக் கொண்டுவந்து, என் ராஜாவுக்கு நேர் எதிரே நிறுத்திவிட்டார். அதன் பிறகு நான் என்ன செய்தும் பயனில்லை. ஆட்டம் சமனாயிற்று. பரிசாக வைத்திருந்த சுவர்க் கடிகாரம் வேறு வீட்டுச் சுவருக்குப் போயிற்று.

நான் யோசித்துக்கொண்டிருந்த வேளையில் நண்பர் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். அவர் ஆற்றும் விதம் ஊரறிந்தது. முழ உயரத்திலிருந்து விழும் அருவி அது. “வெல்லும் ஆட்டத்தைக் காப்பி ஆற்றியே கெடுத்துவிட்டார்” என்று அன்று மாலை இரண்டு பேரிடம் சொன்னேன். மறுவாரம் ஐந்து பேரிடம் சொன்னேன். சொல்லச் சொல்ல அது எனக்கே உண்மையாகிவிட்டது. அவர் வேண்டுமென்றே செய்தார் என்று ஒரு நாள் வாய் தவறியும் சொல்லிவிட்டேன். அந்தச் சொல் அவர் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் கழகத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போனோம்.

நான் உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் பிறர் எழுதிய கணக்கைத் தணிக்கை செய்தவன். ஒரு பேரேட்டைக் கொடுத்தால் எந்தப் பக்கத்தில் எந்தத் தொகை உறுத்துகிறது என்று கண்டுபிடித்துவிடுவேன் என்ற பெருமையும் எனக்கு உண்டு. ஓய்வு பெற்ற மறுமாதம் பரணைச் சுத்தம் செய்தபோது, என் பழைய ஆட்டக் குறிப்புகள் ஒரு தகரப் பெட்டியில் கிடைத்தன. பந்தயங்களில் ஒவ்வொருவரும் ஆட்டத்தை நகர்த்தல் நகர்த்தலாக எழுதிக்கொண்டே ஆட வேண்டும் என்பது விதி. ஆகவே நூற்றுக்கும் மேற்பட்ட தாள்கள் இருந்தன. வேலையில்லாத தணிக்கைக்காரன் வேறென்ன செய்வான்? பலகையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் தேடி எடுத்தது காப்பி ஆட்டத்தைத்தான். நண்பருடைய குற்றத்துக்குச் சாட்சி கிடைக்கும் என்றுதான் எடுத்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்த நிலையில் நான் செய்திருக்க வேண்டியது மிகவும் எளிது. சிப்பாயைத் தொடாமல் ராஜாவை இ-5க்கு நடத்தியிருந்தால் போதும். இரண்டு ராஜாக்கள் நடுவே ஒரே ஒரு வீடு விட்டு நேருக்கு நேர் நிற்கும்போது, நகர்த்த வேண்டியவன் எவனோ அவன் வழிவிட்டாக வேண்டும். என் ராஜா இ-5இல் நின்றிருந்தால் வழிவிட வேண்டியவர் அவர். அவர் இடப்புறம் ஒதுங்கினால் நான் வலப்புறமாக நுழைவேன். வலப்புறம் ஒதுங்கினால் இடப்புறமாக. தவிரவும், இ-3இல் இருக்கும் சிப்பாய்க்கு இன்னும் ஒரு நடை மிச்சம் இருக்கிறது. என்றாவது நானே வழிவிட வேண்டிய நெருக்கடி வந்தால், ராஜாவை அசைக்காமல் சிப்பாயை ஒரு வீடு தள்ளி, முறையை அவர் தலையில் கட்டிவிடலாம். எங்கள் தொழிலில் சொல்வதானால், அது கையிருப்பு. அந்தக் கையிருப்பைத் தேவை எதுவும் இல்லாத நேரத்தில் செலவழித்துவிட்டு ஓட்டாண்டியாக நின்றிருக்கிறேன்.

இதுவும் காப்பியால் நேர்ந்த தடுமாற்றமே என்று வாதாடலாம் அல்லவா? நானும் வாதாடிப் பார்த்தேன். ஆனால் என் தாளே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிற்று. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பக்கத்தில் கடிகாரம் காட்டும் நேரத்தைக் குறித்துவைப்பது என் வழக்கம். சிப்பாயைத் தள்ளிய நகர்த்தலுக்கு எதிரே இருந்த நேரமும் அதற்கு முந்தைய நகர்த்தலுக்கு எதிரே இருந்த நேரமும் ஒன்றே. நான் யோசிக்கவே இல்லை. யோசனையைக் காப்பி கெடுத்தது என்று சொல்ல, கெடுவதற்கு அங்கே யோசனை என்று ஒன்று இருந்திருக்க வேண்டுமே! எனக்கு மீதம் இருந்ததோ இருபது நிமிஷத்துக்கு மேல்.

அடுத்த சில வாரங்களில் மற்றத் தாள்களையும் பார்த்தேன். சிப்பாய் ஒன்று கூடுதலாக வைத்துக்கொண்டு இறுதி ஆட்டத்துக்கு வந்த இடங்களை மட்டும் தனியே பிரித்தேன். வேறு வேறு ஆண்டுகளில், வேறு வேறு எதிரிகளிடம், நான்கு ஆட்டங்களில் இதே காரியத்தைச் செய்திருக்கிறேன். ராஜா முன்னே போக வேண்டிய இடத்தில் சிப்பாயை ஓடவிட்டிருக்கிறேன். அந்த எதிரிகளில் ஒருவர் வாய் திறவாத மௌனி. இன்னொருவர் காப்பியே குடிக்காதவர்.

நேயர்களே, சதுரங்கத்தில் முன்னேற விரும்புகிறவர்கள் புத்தகம் வாங்குகிறார்கள், ஆசிரியரை அமர்த்திக்கொள்கிறார்கள், ஆட்டத் தொடக்க முறைகளை மனப்பாடம் செய்கிறார்கள். இவை எல்லாம் நல்லவையே. ஆயினும் நம்முடைய நோய் எது என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிராது. அது நம் தாள்களில்தான் எழுதியிருக்கிறது. அதுவும் நம் கையெழுத்திலேயே.

இந்த உண்மையைக் கொள்கையாகவே வைத்துக்கொண்டவர் சோவியத் நாட்டு மிகயில் போத்வின்னிக். மின்பொறியியல் அறிஞரான அவர் 1948இல் உலக வீரரானார். தம் ஆட்டங்களைத் தாமே ஆராய வேண்டும், ஆராய்ந்ததை அச்சிட்டு வெளியிட வேண்டும் என்பது அவர் வற்புறுத்திய முறை. வெளியிடுவது எதற்காக? நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் சமாதானத்தை நாம் ஏற்றுக்கொண்டுவிடுவோம், ஊரார் ஏற்றுக்கொள்ளமாட்டார்கள். அச்சில் வந்த பிழையை யாராவது ஒரு புண்ணியவான் எடுத்துக் காட்டியே தீருவான்.

அவர் வாழ்க்கையில் அந்த முறைக்குப் பெரிய சோதனை 1960இல் வந்தது. மிகயில் தால் என்ற இருபத்து மூன்று வயது இளைஞர் அவரைப் பன்னிரண்டரைக்கு எட்டரை என்ற கணக்கில் தோற்கடித்து, பட்டத்தைப் பறித்துக்கொண்டார். தாலின் ஆட்டம் புயல். காய்களை வாரி இறைத்துத் தாக்குவார். எதிரி திகைத்து வழி தேடுவதற்குள் காரியம் முடிந்துவிடும். ஐம்பதை நெருங்கிய போத்வின்னிக்கின் காலம் முடிந்தது என்றுதான் பலரும் எண்ணினார்கள். அவரோ தோற்ற ஆட்டங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். புயலுக்கு வழிவிடாத நிலைகள் எவை, தம் கால் இடறிய இடங்கள் எவை என்று பார்த்தார். 1961இல் நடந்த மறுபோட்டியில் பதின்மூன்றுக்கு எட்டு என்று வென்று பட்டத்தை மீட்டார். தாலுக்கு அப்போது உடல்நலம் சரியாக இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் போத்வின்னிக் இவ்வாறு மீண்டது இது முதல் தடவை அன்று. 1957இல் ஸ்மிஸ்லாவிடம் பட்டத்தை இழந்து 1958இல் மீட்டவர் அவர்.

அவரைப் பற்றிய மற்றொரு செய்தியைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் புகை பிடிக்காதவர். போட்டிகளில் எதிரி ஊதும் புகை தமக்குத் தொல்லையாக இருப்பதை உணர்ந்த அவர், ரகோசின் என்னும் நண்பரை அழைத்து, முகத்துக்கு நேரே புகை விடச் சொல்லிப் பயிற்சி ஆட்டங்கள் ஆடினாராம். அவர் புகையைத் தேடிப் போய்ப் பழகிக்கொண்டார். நான் காப்பியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினேன்.

தோல்வியை மறைக்காமல் வெளியிடுவது பெரியவர்களுக்கும் எளிதன்று. அமெரிக்காவின் பாபி ஃபிஷர் எத்தகைய அகங்காரி என்று உலகம் பேசிற்று. அவர் 1969இல் வெளியிட்ட நூலில், தம் நினைவில் நின்ற அறுபது ஆட்டங்களைத் தொகுத்தார். அவற்றில் மூன்று, அவர் தோற்ற ஆட்டங்கள். அந்த மூன்றையும் விட்டுவிட்டு ஐம்பத்தேழு ஆட்டங்கள் என்று பெயர் வைத்திருந்தாலும் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

இக்காலத்து இளைஞர்கள் என்னிடம் வேறொன்று கேட்கிறார்கள். “இதற்கெல்லாம் ஏன் இவ்வளவு பாடு? ஆட்டத்தைக் கணிப்பொறியில் இட்டால் பிழைகளை ஒரு நொடியில் சிவப்புக் கோடு போட்டுக் காட்டிவிடுகிறதே” என்கிறார்கள். 1997இல் நியூயார்க்கில் காஸ்பரோவையே ஓர் இயந்திரம் வென்றுவிட்டது. இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் தொலைபேசியில் அதைவிட வல்லமை உள்ள ஆட்டக்காரன் குடியிருக்கிறான். அவனுடைய தீர்ப்பை நான் குறைசொல்லவில்லை. ஆனால் அவன் சொல்வது சரியான விடை. நான் ஏன் தவறான விடையை எழுதினேன் என்பது அவனுக்குத் தெரியாது. சிப்பாயைத் தள்ளியது பிழை என்று அவன் சொல்வான். தள்ளிய கையில் இருந்த அவசரம், பரிசுக் கடிகாரத்தை மனம் அதற்குள்ளாகவே சுவரில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது, இவை அவனுடைய கணக்கில் வரா.

நம் சென்னையில் வளர்ந்த குகேஷுக்கு இளம் வயதில் பயிற்சி அளித்தவர் கிராண்ட் மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா. சிறுவனைக் கணிப்பொறியின் பக்கம் அண்டவிடாமல், நிலைகளைத் தன் மூளையாலேயே அலசும்படி அவர் பழக்கினார் என்பது பலமுறை பேசப்பட்ட செய்தி. பன்னிரண்டு வயதில் கிராண்ட் மாஸ்டர் ஆகும் காலம் வரையில் அந்தப் பையன் அப்படித்தான் ஆடினான். உலகமே இயந்திரத்தைக் கொண்டு பயின்றுகொண்டிருந்த நாளில் இது துணிச்சலான காரியம். அவர் துணிந்தது வீண்போகவில்லை என்று 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் தெரிந்துவிட்டது.

நான் இப்போது கைக்கொள்ளும் வழக்கத்தைச் சொல்கிறேன். ஆட்டம் முடிந்த அன்றே, சூடு ஆறுவதற்குள், தாளின் ஓரத்தில் ஒவ்வொரு முக்கியமான நகர்த்தலின்போதும் நான் நினைத்தது என்ன என்று எழுதிவிடுகிறேன். நினைக்க வேண்டியதை அன்று; நினைத்ததை. இரண்டு நாள் கழித்து எழுதினால் மனம் திருத்தி எழுதிவிடும். அது கெட்டிக்கார குமாஸ்தா. “இங்கே எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, ஆகையால் யானையை அசைத்தேன்” என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கும். அந்தக் கூச்சத்தில்தான் எனக்கு லாபம் கிடைத்திருக்கிறது. பிறகு பலகையில் வைத்து, நிலை எங்கே சாய்ந்தது என்று தேடுகிறேன். தோற்ற ஆட்டத்தில் கடைசிப் பிழையைக் கண்டதும் நிறுத்திவிடக் கூடாது. ராணியைப் பறிகொடுத்தது முப்பதாம் நகர்த்தலாக இருக்கும். பறிகொடுக்க வேண்டிய நெருக்கடி பதினெட்டாம் நகர்த்தலிலேயே தொடங்கியிருக்கும். வென்ற ஆட்டங்களிலும் இந்தத் தேடல் தேவை. என் வெற்றிகளில் பல, எதிரி கவனிக்காமல் விட்ட தயவினால் கிடைத்தவை என்று கண்டபோது என் மார்பின் அளவு கொஞ்சம் குறைந்துபோயிற்று. இவ்வளவும் செய்தபின், கடைசியாக, இயந்திரத்தைக் கேட்கலாம். மேல்முறையீட்டு நீதிமன்றம் போல அது இருந்துவிட்டுப் போகட்டும். கீழ்க் கோர்ட்டு விசாரணையை நாம்தான் நடத்த வேண்டும்.

இன்னும் ஒரு சாட்சியை விசாரிக்க வேண்டும். அவர் எதிரே உட்கார்ந்திருந்தவர். நம் ஆட்டத்தில் பாதி அவருடையது. அவர் எதைக் கண்டு அஞ்சினார், எதை அலட்சியம் செய்தார் என்பது நமக்கு எவ்வளவு யோசித்தாலும் தெரியாது. என் விஷயத்தில் அந்தச் சாட்சியை விசாரிப்பதற்கு முதலில் அவர் வீட்டுப் படியேற வேண்டியிருந்தது.

படியேற எனக்கு ஒரு மாதம் பிடித்தது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு முறை தெருக்கோடி வரை போய்த் திரும்பிவிட்டேன். மூன்றாம் முறை அவரே திண்ணையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

“வாரும், உட்காரும்” என்றார்.

நான் உட்காராமலேயே சொன்னேன்: “அந்த ஆட்டத்தைப் பார்த்தேன். காப்பி அல்ல. நான்தான்.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே எழுந்து போனார். போனவர் திரும்ப வரச் சிறிது நேரம் ஆயிற்று. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். அவர் வந்தபோது ஒரு கையில் பலகையும் காய்ப் பெட்டியும், மறு கையில் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றும் இருந்தன. அந்த ஆட்டத்தை அவரும் எழுதி வைத்திருந்தார். அதே பக்கத்தில், நான் சிப்பாயைத் தள்ளிய இடத்துக்கு மூன்று நகர்த்தல்களுக்கு முன்னால், சிவப்பு மையில் ஒரு வட்டம்.

“இங்கே பாரும். யானையை உம் யானைக்கு மாற்றிக்கொண்டேன். மாற்றாமல் வைத்திருந்தால் எனக்குச் சமன் நிச்சயம். மாற்றினேன், தோற்கும் நிலைக்குப் போனேன். நீர் சிப்பாயைத் தள்ளி என்னைக் காப்பாற்றினீர். எட்டு வருஷமாக உம்முடைய பிழையையே பேசிக்கொண்டிருந்தீரே, என்னுடையது உம் கண்ணில் படவே இல்லையா?”

படவில்லை. அன்று வரை அந்த யானை மாற்றத்தை நான் ஒரு கேள்வியாகவே நினைத்ததில்லை. காய்களை மாற்றிக்கொண்டு சிப்பாய் ஆட்டத்துக்கு இறங்குவது எவ்வளவு அபாயமானது என்பதை, பிற்பாடு உலகமே கண்டது. நான் முன்னே சொன்ன சிங்கப்பூர்ப் போட்டியின் கடைசி ஆட்டம், பதினான்காவது ஆட்டம், 2024 டிசம்பர் 12ஆம் தேதி நடந்தது. சீனத்து டிங் லிரனுக்கும் குகேஷுக்கும் ஆளுக்கு ஒரு யானை, ஒரு மந்திரி. டிங்குக்கு இரண்டு சிப்பாய்கள், குகேஷுக்கு மூன்று. பொறுமையாகக் காத்திருந்தால் சமன் என்றே எல்லாரும் நினைத்தார்கள். டிங் ஐம்பத்தைந்தாம் நகர்த்தலில் யானைகளை மாற்றிக்கொள்ள இடம் கொடுத்தார். யானைகள் போயின, பின்னாலேயே மந்திரிகளும் போயின. மிஞ்சிய சிப்பாய் ஆட்டத்தில் அவருக்கு வழி இல்லை. பதினெட்டு வயதுப் பிள்ளை உலக வீரனானான். அன்று இரவு நண்பர் எனக்குத் தொலைபேசியில் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “பார்த்தீரா, என் பிழையையே உலக வீரரும் செய்திருக்கிறார்.” அதில் அவருக்குச் சிறிது பெருமையும் இருந்தது என்று எனக்குத் தோன்றியது.

திண்ணைக்குத் திரும்புகிறேன். அன்று விளக்கு வைக்கும் நேரம் வரை அந்த ஆட்டத்தையே முன்னும் பின்னும் ஆடிப் பார்த்தோம். காப்பி வந்தது. அவர் வழக்கம்போல முழ உயரத்திலிருந்து ஆற்றினார். நான் ஒரு பேச்சும் பேசவில்லை.

ஆனால் யானையை மாற்றாமல் இருந்தால் சமன் நிச்சயம் என்று அவர் சொன்னதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. என் ராஜா இன்னும் ஒரு வீடு முன்னே ஏறினால் எனக்கு வழி உண்டு என்று காட்டினேன். பக்கவாட்டிலிருந்து தம் யானையால் ‘செக்’ கொடுத்துக்கொண்டே இருப்பதாக அவர் காட்டினார். அதற்கு நான் ஒரு மறுமொழி கண்டேன். அதற்கு அவர் ஒன்று கண்டார். அன்று முடியவில்லை, அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் முடியவில்லை. இதை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய பேரன், பலகையில் ஐந்தே காய்கள் இருக்கும் இப்படிப்பட்ட நிலைகளை எல்லாம் இயந்திரங்கள் எப்போதோ கடைசிவரை கணக்கிட்டு முடித்துவிட்டன என்றும், தொலைபேசியில் தட்டினால் விடை உடனே வந்துவிடும் என்றும் சொன்னான். இருவரும் ஒரே குரலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். வருகிற ஞாயிறு மறுபடியும் அந்த நிலையை அடுக்குவதாக இருக்கிறோம்.